உப்பு ஏரிகள் எல்லாம் பழைய கடலின் மிச்சமா? அப்படியென்றால் மலையகத்தில் ஏன் ஒன்றும் இல்லை?

சாதாரண தரத்துக்குப் படிக்கிறீர்கள் போல. "உப்பு ஏரி என்றால் பழைய கடலின் மிச்சம்" என்று டியூஷன் நோட்ஸில் ஒற்றை வரி இருக்கும். பரீட்சைக்கு அதையே எழுதச் சொல்வார்கள், அது வேறு கதை.

ஏரி உப்பாவதற்குக் கடல் தேவையில்லை. ஆறு வந்து விழ வேண்டும், வெளியேற வழி இருக்கக் கூடாது, வெயில் காய வேண்டும். ஆற்று நீர் பாறையிலிருந்து கரைத்து வரும் துளி உப்பு அங்கேயே தங்கிச் சேரும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரி, பொன்னவில் என்ற பனியுக நன்னீர் ஏரியின் மிச்சம். கடலை விடப் பல மடங்கு கரிப்பு. காஸ்பியனோ பராத்தெதிஸ் என்ற உள்நாட்டுக் கடலின் உண்மையான மிச்சம். ஆனால் லீற்றருக்கு 12, 13 கிராம் உப்புத்தான். சமுத்திரத்தில் 35. வொல்கா ஆறு நன்னீரைக் கொட்ட, கிழக்கே காரா போகாஸ் கோல் குடா உப்பை இழுத்துக்கொள்கிறது. 1980இல் அந்தக் குடாவின் வாயை அடைத்தார்கள்; குடா வற்றி உப்புத்தூள் பறந்தது. 1992இல் அணையை உடைத்துவிட்டார்கள்.

நம்ம பக்கம் வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. கரைந்ததையெல்லாம் மகாவலி திருகோணமலைக் கடலில் சேர்த்துவிடும். பிறகு எங்கே உப்பு தங்குவது? ஆனால் கடலின் தடயம் உண்டு: திகன, மாத்தளைப் பக்கத்துப் பளிங்குச் சுண்ணாம்புக்கல் ஆதியில் கடலடிப் படிவு. இதற்குச் சண்டைக்கு வருபவர்கள் வரட்டும்.

செய்து பார்க்க, திருகோணமலை போகிறவரிடம் ஒரு லீற்றர் கடல்நீர் கேளுங்கள். துணியில் வடித்து எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சுங்கள், அலுமினியம் அரித்துப்போகும். முதலில் மெல்லிய வெள்ளைப் பொடி, அது சுண்ணாம்பு. கால் லீற்றர் அளவில் ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று) படியும். அப்போது மேலே தெளிந்த நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். 100 மில்லிலீற்றரில் உப்புப் படிகம் விழத் தொடங்கும். 30 மில்லிலீற்றர் மிஞ்சும்போது அடுப்பை அணைத்து, அந்தக் கசப்பு நீரை ஊற்றிவிடுங்கள். அவசரப்பட்டு முழுக்க வற்றவிட்டால் மக்னீசியம் உப்பும் சேர்ந்து கசக்கும், நாளெல்லாம் ஈரம் குடிக்கும். ஒழுங்காகச் செய்தால் 20 கிராம் அளவில் கிடைக்கும்.

இஸ்தோப்பில் வெயிலுக்கு வைத்துக் காயவைக்கலாமா என்று கேட்காதீர்கள். காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே கசியும். நுவரெலியாவில் உப்புப் போத்தல் நனைவதற்குக் கடைக்காரரை ஏசுகிறார்கள், பாவம். மூடியை இறுக்கி, உள்ளே ஒரு பிடி வறுத்த அரிசி போடுங்கள்.