வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அரசு நேரம் ஒதுக்குவது தவறா?

அசாம் சட்டப்பேரவையில் ஜும்ஆ என்கிற வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்கு விட்டுவந்த இரண்டு மணி நேர இடைவேளையை நீக்கியது சரிதானே, அரசு இடத்தில் மதத்துக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

மற்ற நாட்களில் லுஹர் என்கிற நண்பகல் தொழுகையை, மாலைத் தொழுகையான அஸர் நேரம் வருவதற்குள் ஒரு மூலையில் பாயை விரித்துத் தனியாகவே தொழுதுவிடலாம். ஜும்ஆ அப்படி இல்லை. குத்பா என்கிற உரையைக் கேட்டு, ஜமாஅத்தோடு, அதாவது கூட்டமாகச் சேர்ந்துதான் தொழ வேண்டும். அதற்குத் தேவைப்படுவது நேரம்தான், அரசுக் கட்டடத்தில் இடம் அல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

ஜார்க்கண்டில் நடந்தது இடச் சண்டை. 2021 செப்டம்பரில் அங்கே சட்டப்பேரவைக் கட்டடத்தில் தொழுகைக்கென்று ஓர் அறை ஒதுக்கினார்கள். அப்படியானால் எங்களுக்குக் கோயில் எங்கே என்று பாஜகவினர் வாசல் படியில் உட்கார்ந்து பஜனை பாடினார்கள். அவர்கள் அரசியல் எனக்கு ஒத்துவராது. ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது. ஒரு மதத்துக்கு மட்டும் அரசுக் கட்டடத்தில் அறை கொடுக்கக் கூடாது.

அசாமில் யாரும் அறை கேட்கவில்லை. 1937-ல், அப்போது அசாமின் பிரதமராக (இன்றைய முதல்வர் போல) இருந்த சாதுல்லா காலத்தில் வந்த இடைவேளை அது. 2024 ஆகஸ்டில் எடுத்தார்கள். காலனியக் காலத்து வழக்கம், வேலை நேரம் வீணாகிறது என்றார்கள். வேலைதான் கவலை என்றால் அன்று காலையில் சீக்கிரம் கூடலாமே, மாலையில் கூடுதலாக உட்காரலாமே. 2011 கணக்கெடுப்பின்படி மூன்றில் ஒருவர் முஸ்லிமாக இருக்கிற மாநிலம் அது.

மாநிலங்களவையிலும் இதுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் உணவு இடைவேளை 2.30 வரை இருந்தது. அதை 2 மணியாக்கியது ஏன் என்று 2023 டிசம்பரில் திமுக எம்.பி. திருச்சி சிவா கேட்டார். மக்களவை 2 மணிக்குக் கூடுகிறது, அதனோடு சேர்ந்து போகத்தான் என்றார் அப்போதைய அவைத் தலைவர் தன்கர். அரை மணி நேரத்தில் நாடு என்ன இழந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் இருபது வருடத்துக்கு மேல் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். 1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோதே அலுவலகங்களில் சாமி படங்களை எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. எங்கள் அறையில் கடைசிவரை மூன்று படங்கள் இருந்தன. கார்த்திகை வந்தால் மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியில் வருவார்கள், பூஜைக்கு நேரமாச்சு என்று ஐந்து மணிக்கு முன்பே கிளம்புவார்கள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

தபால் பிரிவில் இருந்த பாய் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வருவார். திரும்ப இருபது நிமிடம் தாமதமாகும். அதற்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போனது. அதிகாரி அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பாய் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். ஆயுத பூஜை அன்று நாங்கள் எல்லோரும் சாமி முன்னால் நின்றபோது ஃபோன் அடித்தால் எடுத்துப் பேசியது அவர்தான். அந்தப் பெட்டிஷனை எழுதியவரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருப்பார்.