ஒரு காது மட்டும் திடீரென அடைத்தால்

காலையில் எழுந்ததும் வலது காது அடைத்துவிட்டது, 3 நாளாகச் சொட்டு மருந்து விட்டும் திறக்கவில்லை என்கிறீர்கள். அழுக்குதான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கு அல்லது சளி. நல்ல காதுப் பக்கம் கேட்டால் உள்காது நரம்பு பாதித்திருக்கலாம், அது அவசரம். எனக்கு அப்படித்தான் ஆனது. போனை அந்தக் காதில் வைத்தால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். சளி என்று ஒரு வாரம் ஓட்டிவிட்டேன், மடத்தனம்.

முனகல் எந்தப் பக்கம் கேட்டாலும் சரி, இன்றே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுங்கள். நரம்புக் கோளாறு என்றால் ஸ்டீராய்டை முதல் 2 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும், அதனால் சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரைக்குப் பதிலாகச் செவிப்பறை வழியாக ஊசி போடவும் வழியுண்டு. அதுவரை பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள்.