வானவில் ஏறிய வெள்ளி டாலரில் 18,000 டாலர் போடலாமா?

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் பக்கத்தில் இருக்கிறேன். வயது 43, ஐடி வேலை. இரண்டு வருடமாக மோர்கன் வெள்ளி டாலர் என்ற பழைய அமெரிக்க ஒரு டாலர் வெள்ளிக் காசுகளைச் சேர்க்கிறேன். நீலம், ஊதா, பொன் என்று நிறம் ஏறிய காசுகள் மேல்தான் எனக்கு ஆசை. கையில் நான்கு இருக்கின்றன. இரண்டு ஸ்லாபில் (தரம் பார்த்து மூடிய பிளாஸ்டிக் பெட்டியில்), இரண்டு வெறும் காசாக. கடைசியாக வாங்கியது 1881-எஸ் (எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது), எம்எஸ்-64 கிரேடு (புழக்கத்துக்கு வராத காசுக்கான தர எண்), 950 டாலர். நிறமில்லாத அதே காசு அதே கடையில் 140 டாலர்தான். இப்போது அந்த டீலர் 20 காசுகளை மொத்தமாக 18,000 டாலருக்குத் தருகிறேன், ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகளின் கல்லூரிப் பணத்திலிருந்து எடுக்கலாமா? இன்னொன்று, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, “கறுத்துப்போயிருக்கே, விபூதி போட்டுத் தேய்ச்சுத் தரட்டுமா?” என்று கேட்கிறார்.

பதில்: அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். தேய்க்கவே கூடாது. சாமி விளக்குக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் விபூதி சரி. இந்தக் காசில் நீங்கள் கூடுதலாகக் கொடுத்த 810 டாலரும் அந்த நிறத்தைத் தரும் மேல்படலத்துக்காகக் கொடுத்தது. ஒரு தேய்ப்பில் அது போய்விடும், மெல்லிய கீறலும் விழும். ‘சுத்தம் செய்யப்பட்ட காசு’ என்று பெயர் வாங்கிவிட்டால் 140 டாலர்கூடக் கிடைக்காது. காசு வெள்ளையாக மின்ன வேண்டும் என்று ரசாயனத்தில் முக்கி எடுப்பவர்களும் உண்டு, அதையும் செய்யாதீர்கள்.

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. என்னிடமும் ஒரு 1885-ஓ இருக்கிறது, நியூ ஆர்லியன்ஸில் அடித்தது. மேசை விளக்கடியில் மெதுவாகச் சாய்த்தால், விளிம்பில் கரும்பச்சையாக இருப்பது உள்ளே வர வர நீலமாகி, செம்பருத்தி ஊதாவாகி, காசில் உள்ள லிபர்ட்டி என்ற பெண் முகத்தின் கன்னத்தருகே வெளிர்பொன்னாக அடங்கும். ஒரு பக்கத்தில் மட்டும் பிறை போல வெள்ளை அப்படியே இருக்கிறது. மூட்டைக்குள் இன்னொரு காசு அதன்மேல் படுத்துக் கிடந்த இடம் அது. இந்தக் காசுகளை 1,000, 1,000 ஆகத் துணி மூட்டையில் கட்டி அமெரிக்கக் கருவூலம் பல பத்தாண்டுகள் பெட்டகத்தில் போட்டு வைத்திருந்தது. துணியில் இருந்த கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமானது. மழைத்தண்ணீரில் சிந்திய பெட்ரோலில் நிறம் தெரிவது போலத்தான் இதுவும்: சாயம் கிடையாது, படலத்தின் தடிமன்தான் நிறமாகத் தெரிகிறது. மெலிதாக இருந்தால் பொன், கொஞ்சம் ஏறினால் ஊதா, அப்புறம் நீலம். சில காசுகளில் துணியின் நெசவே பதிந்திருக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். இப்படிப்பட்ட காசில் மூன்று விலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. அடியில் இருப்பது வெள்ளியின் விலை. ஒரு மோர்கன் டாலரின் எடை 26.73 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 0.773 டிராய் அவுன்ஸ். வெள்ளி அவுன்ஸ் 50 டாலர் விற்கும் நாளில் அது 39 டாலருக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேலே வருடம், காசு அடித்த நாணயச்சாலை, கிரேடு ஆகியவற்றுக்கான விலை. உங்கள் காசுக்கு இவை எல்லாம் சேர்ந்து 140. இதைப் பட்டியலில் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் நிறத்தின் விலை. அதற்குப் பட்டியல் கிடையாது. ஒரே நிறம் இரண்டு காசில் வராது என்பதால், இன்றைக்கு அதை விரும்பும் இரண்டு பேர் ஏலத்தில் மோதினால் ஒரு விலை, ஒருவர் மட்டும் இருந்தால் வேறு விலை. உங்கள் 950 டாலரில் 85 சதவீதம் இந்த மூன்றாவது விலை. அது பொய்யான விலை என்று சொல்லவில்லை. ஆனால் குறித்த தேதியில் திரும்ப வரும் என்று நம்பக்கூடிய பணம் இல்லை. கல்லூரிக் கட்டணத்துக்கோ தேதி உண்டு. இன்னும் நான்கு வருடம்கூட இல்லை. அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். அது 529 என்ற கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் இருந்தால், படிப்புக்கு எடுக்கும்போது வளர்ச்சிக்கு மத்திய வரியே கிடையாது; காசு வாங்க எடுத்தால் வளர்ச்சிக்கு வரியும் 10 சதவீத அபராதமும் கட்ட வேண்டியிருக்கும்.

‘அரிது’ என்ற சொல்லை வைத்து விலை சொல்லும்போது 1903-ஓ காசை நினைத்துக்கொள்ளுங்கள். 1962 வரை மோர்கன் வரிசையின் அபூர்வங்களில் ஒன்று, கேட்லாக்கில் 1,500 டாலர். அந்த வருடக் கடைசியில் கருவூலத்திலிருந்து அதே காசு மூட்டை மூட்டையாக முகமதிப்புக்கே வெளியே வந்தது. விலை தரைக்கு வந்துவிட்டது. நிறத்தை மூட்டையில் தோண்டி எடுக்க முடியாது, ஆனால் வீட்டில் உண்டாக்க முடியும். கந்தகமும் சூடும் இருந்தால் போதும். அதனால்தான் உங்களிடம் வெறும் காசாக இருக்கும் இரண்டையும் பற்றி எனக்குக் கவலை.

பூதக்கண்ணாடியில் பாருங்கள். காலப்போக்கில் ஏறிய நிறம் பொன், ஊதா, நீலம் என்ற வரிசையில் போகும். எழுத்துகள், நட்சத்திரங்களின் ஓரத்தில் கொஞ்சம் விலகி நிற்கும். பளீர் வெள்ளைக்கு அடுத்தே நடுவில் எதுவும் இல்லாமல் அடர்நீலம் வந்தால், அல்லது கீறலின் பள்ளத்துக்குள்ளும் நிறம் இறங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். கடைசித் தீர்ப்பை உங்கள் கண்ணுக்கும் விடாதீர்கள், டீலரின் வாய்க்கும் விடாதீர்கள். காசுகளின் தரம் பார்த்துச் சான்று தரும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். நிறம் செயற்கை என்று பட்டால் அவர்கள் சாதாரண கிரேடு தர மாட்டார்கள். கண்ணுக்கு மிக அழகான காசுக்கு என்ஜிசி நட்சத்திரக் குறியும் தருகிறது. கட்டணமும் தபாலும் சேர்ந்து கொஞ்சம் செலவாகும். 18,000 டாலர் முடிவுக்கு முன்னால் அது வீண் செலவு ஆகாது.

விற்கும்போது கையில் எவ்வளவு நிற்கும் என்பதையும் பாருங்கள். ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் 20 சதவீத அளவில் கூடுதலாக வாங்குகின்றன; அவர் அதைக் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார். 950 டாலர் வரைதான் கொடுப்பேன் என்றிருப்பவர் கேட்கும் விலை 790தான். லாபம் வந்தால், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளுக்குப் பெரும்பாலோர் 15 சதவீதம் கட்டுகிறார்கள். சேகரிப்புப் பொருளுக்கு உங்கள் வருமான வரி விகிதமே வரும், உச்சவரம்பு 28 சதவீதம். ஆசைக்குச் சேர்த்ததில் நஷ்டம் என்றால் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் இவற்றை வைக்கவும் வழியில்லை. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் காசுகள் திருடு போனால் கிடைக்கும் தொகைக்கு மிகச் சிறிய வரம்புதான், தனியாக ஒரு பாலிசி சேர்க்க வேண்டும். வங்கி லாக்கருக்குள் இருப்பதற்கும், வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு தரும் எஃப்டிஐசி பொறுப்பில்லை.

டீலரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “போன மாதம் 950-க்குக் கொடுத்தீர்களே, அதை இன்றைக்கு என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?” எழுத்தில் வாங்குங்கள். 600 என்றால் அதுதான் உங்கள் காசின் இன்றைய ரொக்க மதிப்பு. ஐந்து வருடத்தில் இரட்டிப்பு என்று உறுதி சொல்பவர் அந்த 20-ஐயும் ஏன் அவரே வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் யோசியுங்கள்.

தொடர்ந்து காசு சேர்த்து வாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக இருந்து, ஓய்வூதியக் கணக்கும் நின்றுவிடாமல் ஓடினால், மொத்தச் சேமிப்பில் 2, 3 சதவீதம் வரை இதில் போடலாம். 20 காசுகளை மொத்தமாக வாங்காமல், வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ, ஸ்லாபில் உள்ளதாக, திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள். போட்டோவை நம்பாதீர்கள், நிறத்தைக் கூட்டிக் காட்டுவது சுலபம். சாய்த்து எடுத்த வீடியோ கேளுங்கள். காசுகளை ஈரமில்லாத இடத்தில் வையுங்கள், ஏனென்றால் படலம் இன்னும் வளரக்கூடும், முற்றினால் வெறும் கறுப்பு. மெதுமெதுப்பான பிவிசி பிளாஸ்டிக் உறையிலும் போடாதீர்கள், பச்சைப் பிசுக்கு ஏறிவிடும்.

ரசீதுகளையும் ஒவ்வொரு காசுக்கும் கொடுத்த விலையையும் ஒரே தாளில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லுங்கள். அந்த இரண்டு வெறும் காசுகளின் முடிவு வரட்டும். அதுவரை டீலருக்குப் பதில் சொல்ல வேண்டாம்.