வாசகர் கேள்வி–பதில்: ஒரே நிலக்கரி, மூன்று மாசுகள்

கேள்வி: என் மகளின் பாடப்புத்தகத்தில் காற்று மாசு, நீர் மாசு, நில மாசு என்று மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணூரில் வசிக்கும் எங்களுக்கு இவற்றில் எது பெரிய ஆபத்து?
– வாசகி, எண்ணூர்

பதில்: தேர்வு எழுதுவதற்கு அந்தப் பிரிவு வசதியானதுதான், ஆனால் உங்கள் ஊரில் அது செல்லுபடியாகாது. எண்ணூரைச் சுற்றியுள்ள அனல் மின் நிலையங்களில் எரியும் நிலக்கரியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். இந்திய நிலக்கரியில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு சாம்பல் உண்டு. அதாவது 1,000 டன் எரித்தால் 300 டன்னுக்கும் மேல் சாம்பல் மிஞ்சுகிறது. அதில் மிக நுண்ணிய ஒரு பகுதி, வடிகட்டும் கருவிகளுக்குத் தப்பிப் புகைபோக்கி வழியாகக் காற்றில் கலக்கிறது. பிடிபட்ட சாம்பலில் பெரும்பகுதி தண்ணீரில் குழைக்கப்பட்டு, குழாய்கள் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்பப்படுகிறது. பராமரிப்பில்லாத குழாய் உடைந்தால் அந்தக் குழம்பு கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியில் போய்ச் சேரும். கரையில் படிந்தது வெயிலில் காய்ந்ததும் காற்று அதை மறுபடியும் தூக்கிக்கொண்டு போய் வீட்டுத் திண்ணையில் கொட்டும். மழை பெய்தால், சாம்பலில் சிறிதளவு இருக்கும் ஆர்சனிக், ஈயம் போன்றவை கரைந்து மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கும்.

நிலக்கரியில் இருக்கும் பாதரசத்தின் போக்கு தனி. உலையின் வெப்பத்தில் அது ஆவியாகி வெளியேறி, பிறகு நீர்நிலைகளில் படிகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், பெரிய மீனிலிருந்து அதை உண்ணும் மனிதருக்கும் போகப் போக அதன் செறிவு கூடுகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் நரம்பு மண்டலத்தை அது பாதிக்கும். காற்று மாசாகப் புறப்பட்ட ஒன்று, மீன் குழம்பில் வந்து முடிகிறது.

ஆற்றுக்கு நேர்வதையும் சொல்ல வேண்டும். சாம்பல் படிந்து ஆழம் குறைந்த முகத்துவாரத்தில் படகு தரை தட்டுகிறது. கடலுக்கும் கழிக்கும் இடையே ஏற்றவற்ற நீர் தாராளமாகப் போய் வர முடிவதில்லை. மின் நிலையத்தைக் குளிர்வித்துவிட்டு வரும் வெந்நீர் கலக்கும் இடங்களில், நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கும், கழியில் வலை வீசும் குப்பத்து மீனவர்களுக்கும் இதனால் நேரும் இழப்பு எந்தக் காற்றுத்தரக் குறியீட்டிலும் பதிவாவதில்லை. வெள்ளத்தோடும் இதற்குத் தொடர்பு உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் பரவி வீடுகளுக்குள் புகுந்தது. கழியில் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களிலும் அப்பிக்கொண்டது. எண்ணெய் பூசிய மூச்சுவேரால் காற்றை இழுக்க முடியாது என்பதால் மரம் மெல்லப் பட்டுப்போகும். வடிகால் வழி குறுகக் குறுக, அடுத்த வெள்ளம் கொண்டுவருவதும் அதிகமாகும்.

எது பெரிது என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், கழியை நம்பிப் பிழைப்பவருக்கு நீர் மாசு. நிலக்கரி லாரி ஓடும் சாலையோரம் குடியிருப்பவருக்குக் காற்று மாசு.

கேள்வி: பகலில் தெரியாத ரசாயன நாற்றம் இரவிலும் விடியற்காலையிலும் மட்டும் வீட்டுக்குள் வருகிறது. ஆலைகள் இரவில்தான் புகையைத் திறந்துவிடுகின்றன என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், எர்ணாவூர்

பதில்: அந்தச் சந்தேகத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது, இரவிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திடீர்ச் சோதனை நடத்தினால்தான் அது தீரும். ஆனால் ஆலை இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே அளவில் இயங்கினாலும் உங்கள் வீட்டில் இரவில்தான் நாற்றம் கூடும். பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசி, மணலிப் புகையை மேற்கே தள்ளுகிறது. இரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கித் திரும்பும்போது, மணலிக்குக் கிழக்கே இருக்கும் நீங்கள் அதன் பாதையில் இருக்கிறீர்கள். மேலும் இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் நிற்பதால், புகை மேலெழுந்து கலைய வழியில்லை.

நாற்றத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், ஆனால் அளவு மிகவும் கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நுரையீரலின் அடிவரை போகும் பி.எம். 2.5 நுண்துகளுக்கோ வாசனையே இல்லை. அதற்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டரில் 40 மைக்ரோகிராம் வரை நம் நாட்டு விதி அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு பரிந்துரையோ 5 மைக்ரோகிராம்தான். எனவே "வரம்புக்குள் இருக்கிறது" என்ற அறிவிப்பைப் படிக்கும்போது எந்த வரம்பு என்று கேளுங்கள். 2009ஆம் ஆண்டிலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலிக்கு 76.32 மதிப்பெண் கொடுத்து, கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததைப் போன்ற நிலை வந்தால், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லுங்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால் இது ஓரளவு உதவும்.

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: போதாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். உப்பும் உலோகங்களும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடவே செய்யும். தண்ணீரில் பெட்ரோல், டீசல் வாடை அடித்தால் அதை அடுப்பில் ஏற்றவே கூடாது. 2013இல் உங்கள் பகுதியிலேயே எரிபொருள் குழாய்க் கசிவால் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கேள்வி: கொடுங்கையூர் குப்பைமேட்டைத் தோண்டி அகற்றுகிறார்கள். அகற்றி முடித்தால் அந்த நிலம் சுத்தமாகிவிடுமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: மேடு போகும், தீப்பிடிக்கும் தொல்லையும் குறையும். அது சிறிய நன்மையன்று, ஏனெனில் பிளாஸ்டிக் கலந்த குப்பை குறைந்த வெப்பத்தில் புகைந்து எரியும்போதுதான் டையாக்சின் போன்ற நச்சுகள் அதிகம் உருவாகின்றன. ஆனால் சுமார் 340 ஏக்கர் பரப்பில் பல பத்தாண்டுகளாகக் குப்பையிலிருந்து வடிந்த கரிய சாறு, அடியில் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. மேலே இருப்பதைச் சலித்து எடுப்பதால் அது திரும்பி வராது. சலித்த மண்ணையும் சோதிக்காமல் பள்ளம் நிரப்பக் கொண்டுபோனால், மாசு இடம் மாறுமே தவிர ஒழியாது. ஆகவே அங்கே பூங்காவோ குடியிருப்போ வருமானால், அடிமண்ணிலும் சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் ஈயம், காட்மியம், அம்மோனியா அளவுகளைச் சோதித்த அறிக்கையை பகுதி சபைக் கூட்டத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம்.