காவோலை இருக்கப் பெட்டி எதற்கு?

கேள்வி: பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள் வந்து தங்கட்டும் என்று பலகைப் பெட்டி அடித்து மாமரத்தில் கட்டினேன். எட்டு மாதமாகியும் ஒன்றும் வரவில்லை. என்ன பிழை? - வாசகி, மாங்குளம்

பதில்: எட்டு மாதம் பெரிய காலமில்லை. ஆனால் இடம் பிழை. வௌவால் பெட்டியிலிருந்து கீழே விழுந்துதான் சிறகை விரிக்கும். கீழே கொப்பும் இலையும் நின்றால் அதற்கு வழியில்லை. பூனைக்கும் பாம்புக்கும் மரமே ஏணி. கழற்றி, வீட்டின் கிழக்குப் பக்க முகட்டுச் சுவரில் 4 மீற்றர் உயரத்தில் பொருத்துங்கள். மேற்கு வெயில் பட்டால் சித்திரை வெக்கையில் பெட்டி அடுப்பாகிவிடும். குளிர்நாட்டுப் படங்களில் உள்ளதுபோல் கறுப்புப் பெயின்ற் வேண்டாம். வெளியே வெள்ளை, உள்ளே வெறும் பலகை.

பின்பலகை 70 செ.மீ., முன்பலகை 60 செ.மீ., நடுவே 2 செ.மீ. இடைவெளி. அதற்கு மேல் விட்டால் குளவிதான் குடிவரும். பின்பலகையின் மிச்ச 10 செ.மீ. கீழே நீண்டிருக்கட்டும், வந்து ஒட்டி ஏறுவது அதில்தான். உட்பக்கம் 1 செ.மீ.க்கு ஒன்றாக வாளால் குறுக்கே கீறிவிடுங்கள். சோம்பலுக்கு நுளம்பு வலை அடித்தால் நகம் சிக்கிச் செத்துப்போகும். அடிப்பக்கத்தை மூடாதீர்கள். முன்பலகையில், அடியிலிருந்து 15 செ.மீ. மேலே, 1 செ.மீ. அகலத்தில் காற்று போக ஒரு வெட்டு.

வளவில் பனை நின்றால் இவ்வளவு பாடும் தேவையில்லை. மஞ்சள் வௌவால்கள் தொங்கும் காவோலை மடிப்புக்குள் பகலைக் கழிப்பவை. எல்லா மரத்தையும் ஒரேயடியாகச் சிரைக்காமல் இரண்டொன்றை விட்டுவையுங்கள். வாழைச் சருகும் அப்படித்தான்: செம்மஞ்சளும் கறுப்புமாகச் சிறகுள்ள ஒரு சிறு வௌவால் அதற்குள் சுருண்டு கிடக்கும், பார்த்தால் காய்ந்த இலை என்றே நினைப்பீர்கள்.

கேள்வி: வௌவால் வந்தால் டெங்கு குறையுமா? - வாசகர், வவுனியா

பதில்: அதை நம்பியிருக்க வேண்டாம். டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிப்பது, வௌவால் இரவில் இரை தேடுவது. அந்துப்பூச்சியும் வண்டும்தான் அதற்கு நல்ல தீன். சிரட்டைத் தண்ணீரை நீங்கள்தான் கொட்ட வேண்டும்.

கேள்வி: விறாந்தையில் கறுப்பு எச்சம் விழுகிறது. எலியா, வௌவாலா? - வாசகி, நெடுங்கேணி

பதில்: தண்ணீர் தெளித்துக் குச்சியால் நசுக்குங்கள். பொடிந்து பூச்சிச் சிறகுத் துண்டுகள் மினுங்கினால் வௌவால். இறுகிக் கிடந்தால் எலி. நுனி வெள்ளையென்றால் பல்லி. விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தூக்காதீர்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க் கடிக்குப் போடும் அதே ஊசிதான்.