வாசகர் கேள்வி–பதில்: இருவர், இரண்டு பைகள், ஆண்டிஸ் மலை

நண்பரோடு முதுகுப்பை தூக்கிக்கொண்டு வெளிநாட்டு மலைகளையும் பழைய நகரங்களின் சிதைவுகளையும் பார்க்கும் பயணம் குறித்து, பழைய வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை தென் அமெரிக்காவின் பெரு நாட்டைப் பற்றியவை: அங்கே ஆண்டிஸ் மலையில் இன்கா மக்கள் கட்டிய மச்சு பிச்சு என்ற பழைய நகரம், அதற்கு நடந்து போகும் இன்கா பாதை. அதனால் இந்த இதழில் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

மே மாதம் நண்பனும் நானும் மச்சு பிச்சு போகிறோம். இன்கா பாதைக்குப் பெர்மிட் தீர்ந்துவிட்டதாம். வேறு வழி உண்டா? (காட்பாடி வாசகர்)

உண்டு. இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. வழிகாட்டி, சமையல்காரர், சுமை தூக்குவோர் எல்லாரும் அந்தக் கணக்கில் அடக்கம். பயணிகளுக்கு மிஞ்சுவது சுமார் 200 இடம். மே முதல் ஆகஸ்ட் வரை மழை இல்லாத காலம் என்பதால் அந்த இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும். பிப்ரவரியில் பாதையையே மூடிவிடுவார்கள். பெர்மிட்டில் பாஸ்போர்ட் எண் இருக்கும். அதை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது.

பெர்மிட் கேட்காத பாதைகளில் இரண்டைச் சொல்லலாம். பனிமலை பார்க்க ஆசை என்றால் சல்கந்தாய்: 4 அல்லது 5 நாள் நடை, கணவாயின் உயரம் சுமார் 4,630 மீட்டர். இன்கா பாதையின் உச்சியைவிட இது 400 மீட்டர் அதிகம். ஆனால் வழியில் பழைய கட்டடங்கள் குறைவு.

சிதைவுகள்தான் முக்கியம் என்றால் சோகெகிராவ் போங்கள். இருவர் போகும் பயணத்துக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான். கப்புலியோக் என்ற இடத்தில் சுமார் 2,900 மீட்டரில் தொடங்கி, அபுரிமாக் ஆற்றுக்கு 1,400 மீட்டர் இறங்கி, மறுகரையில் 1,500 மீட்டர் ஏற வேண்டும். திரும்பி வருவதும் அதே வழி. மொத்தம் 4 நாள். இந்த இன்கா நகரத்தின் பெரும்பகுதி இன்னும் காட்டுக்குள் இருக்கிறது, கூட்டமும் இல்லை. இங்கே ஆட்களைச் சாய்ப்பது குளிர் அல்ல, பள்ளத்தாக்கின் வெயில். காலை 5 மணிக்கு நடையைத் தொடங்கி 11 மணிக்குள் ஏற்றத்தை முடித்துவிடுங்கள். ஆற்றோரத்தில் சிறு பூச்சிகள் கடிக்கும். முழுக்கால் சட்டை அவசியம். பிறகு மச்சு பிச்சுவுக்கு ரயிலில் போய்க்கொள்ளலாம்.

சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகளையும் நிற்காமல் ஏறுவேன். உயரத்துக்கு நான் பயப்பட வேண்டுமா? (சோளிங்கர் வாசகர்)

பயம் வேண்டாம், ஆனால் கணக்கு வேண்டும். படி ஏறிப் பழகிய கால் ஆண்டிஸ் ஏற்றத்துக்கு உதவும். காற்றழுத்தக் குறைவுக்கு அது உதவாது. இந்தப் பயணங்கள் தொடங்கும் குஸ்கோ நகரம் 3,400 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதால், ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் எவ்வளவு நடந்தாலும் உடம்பு அந்த உயரத்துக்குப் பழகாது. நல்ல உடற்பயிற்சி உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கும் மலை நோய் வருகிறது.

பெருவின் தலைநகர் லீமாவிலிருந்து விமானத்தில் குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல், வேன் பிடித்து 2,800 மீட்டரில் உள்ள ஒல்லான்டாய்டம்போவுக்கு இறங்கிவிடுங்கள். அங்கே 2 இரவு. ஊருக்குள்ளேயே பெரிய இன்கா கோட்டை இருப்பதால் அந்த நாட்கள் வீண் போகாது. பிறகு குஸ்கோவில் 2 இரவு. அதன் பிறகே நடை. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும், இரவில் எங்கே படுக்கிறோம் என்பதே கணக்கு.

தலைவலியோடு குமட்டல், அசதி, பசியின்மை சேர்ந்தால் அது மலை நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில் பெரும்பாலும் தொடங்கும். அன்று மேலே ஏறக் கூடாது. ஒரே கோட்டில் குதிகாலோடு விரல் ஒட்டி நடக்கச் சொல்லும்போது நண்பர் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் உடனே கீழே இறக்குங்கள். அப்போது அவரைத் தனியாக விடக் கூடாது. அவருடைய பையையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

மலை நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை, 125 மில்லிகிராம் வீதம் காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். விரல் நுனி மரத்துப்போகும். சிறுநீர் அதிகமாகப் போகும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. குஸ்கோவில் பல விடுதிகளில் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். அங்கே குடிக்கலாம், இலையை மட்டும் ஊருக்கு எடுத்து வராதீர்கள். நம் போதைப்பொருள் சட்டத்தில் கோக்கா இலையும் சேர்ந்தது.

கால் பயிற்சிக்குச் சோளிங்கரே போதும். பையில் 5 லிட்டர் தண்ணீர் வைத்து ஏறுங்கள். முதல் 3 வாரம் மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கினால் முட்டி தப்பும். நான்காம் வாரத்திலிருந்து சுமையோடே இறங்கிப் பழகுங்கள். இறங்க ரோப் கார் வேண்டாம். தொடைத் தசை நீண்டபடியே சுமை தாங்குவது இறக்கத்தில்தான், வலியும் அங்கேதான் வரும்.

ஆம்பூரில் ஏற்றுமதித் தோல் பூட்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா? (ஆம்பூர் வாசகர்)

தோலில் குறை இல்லை, அடிப்பாகத்தைப் பாருங்கள். பல பூட்ஸ்களில் தரையில் படும் அடிப்பாகத்துக்கும் தோலுக்கும் நடுவே பாலியூரிதேன் அடுக்கு இருக்கும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி, போடாமல் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் உள்ளுக்குள் உளுத்துவிடும். கோடவுனில் கிடந்த சர்ப்ளஸ் சரக்கில் இதுதான் ஆபத்து. கடையில் புதிதாகத் தெரியும் ஜோடி, மலையில் இரண்டாம் நாள் அடியோடு பெயர்ந்து வரும். வாங்கும் முன் அந்த நடு அடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். மாவாக உதிர்ந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ வேண்டாம். தயாரித்த தேதியையும் கேளுங்கள். முன்பக்கம் இரும்புக் கவசம் வைத்த தொழிற்சாலை பூட்ஸ் நடைக்கு ஆகாது. கனம் அதிகம், இறக்கத்தில் விரலை நசுக்கும்.

மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நடைக்குப் போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். விரல்களை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் கீழே இறங்கும்போது பெருவிரல் நகம் கறுத்துப்போகும். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் கிளப்பும். கம்பளி அல்லது செயற்கை இழை வாங்குங்கள். கிளம்பும் முன் 60 கிலோமீட்டராவது அதே பூட்ஸில் நடந்திருக்க வேண்டும்.

தோழியும் நானும் ஆளுக்கு 55 கிலோ. எவ்வளவு சுமை தூக்கலாம்? எப்படிப் பிரிப்பது? (ஆரணி வாசகி)

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 11 கிலோ. தண்ணீரும் உணவும் அதற்குள்தான். பை 1.6, ஸ்லீப்பிங் பேக் 1.2, விரிப்பு அரை கிலோ, இறகு அடைத்த டௌன் ஜாக்கெட்டும் மழைக்கோட்டும் 700 கிராம், உடைகள் 1.5, தண்ணீர் 2, மூன்று நாள் உணவு 2 கிலோ. இதுவே 9.5 ஆயிற்று. மிச்சத்தில் டென்ட்டில் உங்கள் பாதி: ஒருவர் துணி, மற்றவர் கம்பியும் ஆணியும். அடுப்பு ஒருவரிடம், தண்ணீர் ஃபில்டர் மற்றவரிடம். ஆனால் மழைக்கோட்டு, ஸ்லீப்பிங் பேக், தலைவிளக்கு, மருந்து, தண்ணீர் ஆகியவற்றைப் பங்கிடாதீர்கள். வழி பிரிந்துவிட்டால் ஒவ்வொருவரும் ஓர் இரவைத் தனியாகக் கழிக்க இவை வேண்டும். கனமான பொருள் முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கட்டும். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். வயிற்றில் கட்டினால் முழுச் சுமையும் தோளுக்குப் போய்விடும். சோகெகிராவ் பாதையில் கோவேறு கழுதை வாடகைக்குக் கிடைக்கும். அதை அமர்த்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாங்கள் சைவம். அரிசி, பருப்பு, சின்ன குக்கர் கொண்டுபோகலாமா? (குடியாத்தம் வாசகர்)

குக்கர் வீண் கனம், வீட்டிலேயே விடுங்கள். அது இல்லாமல் பருப்பும் வேண்டாம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு சுமார் 1 டிகிரி குறைகிறது. 4,200 மீட்டரில் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். கேஸ் சிலிண்டரை விமானத்தில் எடுத்துப்போக முடியாது; குஸ்கோவில் வாங்க வேண்டும். 230 கிராம் சிலிண்டர் இருவருக்கு வெந்நீரும் எளிய சமையலுமாக 3 நாள் வரும்.

வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற உணவே நல்லது: அவல், சத்துமாவு, உடனடி நூடுல்ஸ். விதை, முளைக்கும் தானியம், பழம், பால் பொருள் எதையும் எடுத்துப்போகாதீர்கள். பெருவின் விவசாயச் சோதனை கடுமையானது. வறுத்து அரைத்த பருப்புப் பொடியைக்கூடப் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். அங்கே கின்வா என்ற தானியமும் உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும். சூப்பில் மட்டும் கோழிச்சாறு கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள்.

ஓடைத் தண்ணீரை 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். குழல் ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. குளிர் இரவில் அதையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு படுங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது. சிக்கல் வருமா? (ராணிப்பேட்டை வாசகர்)

வரலாம். நம்மில் பலருக்கு இன்ஷியல்தான், குடும்பப் பெயர் இல்லை. விமான டிக்கெட், மச்சு பிச்சு டிக்கெட், விசா மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் உள்ள இந்தியரை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. துபாய் வழியாகப் போய் வழியில் ஊர் சுற்ற நினைப்பவர்கள் முன்கூட்டியே தந்தை பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து மறுபாஸ்போர்ட் எடுப்பது நல்லது. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும்; அதைப் பார்க்காமல் மலிவு டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? (வாலாஜாப்பேட்டை வாசகர்)

குஸ்கோ, மச்சு பிச்சு மட்டும் போகிறவருக்கு அந்த நோயால் ஆபத்து குறைவு. ஆனால் திரும்பி வரும்போது இந்தியா சான்று கேட்கும். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். நாள் கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். முட்டை ஒவ்வாமை இருப்பவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும்.

நண்பனோடு போய்ச் சண்டையோடு திரும்பியவர்கள் பலர். முன்பே என்ன பேசிக்கொள்ள வேண்டும்? (திருப்பத்தூர் வாசகர்)

மூன்று விஷயம். மெதுவாக நடப்பவர் எப்போதும் முன்னே போவார். வேகக்காரர் பின்னால் வருவார். உடம்பு சரியில்லை என்று யார் சொன்னாலும் இருவரும் இறங்குவோம், வாதம் கிடையாது. பொதுச் செலவுக்கு ஒரே பர்ஸ், இருவரும் சம பணம் போட்டு, ஒருவர் கணக்கு. முதல் இரண்டையும் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் பையோடு தொடர்ந்து இரண்டு நாள் நடந்து சோதியுங்கள். ஒருநாள் நடையில் எல்லாரும் நல்லவர்கள். இரண்டாம் நாள் காலையில்தான் உண்மை தெரியும்.

மச்சு பிச்சுவில் சில மணி நேரம்தான் கிடைக்கும். எதைப் பார்ப்பது? (வேலூர் கல்லூரி மாணவி)

இப்போது 3 சுற்றுப்பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நகரத்துக்குள்ளும் நடந்து, மேலிருந்து முழுக் காட்சியும் பார்க்க வேண்டுமானால் 2-ஆம் பாதை டிக்கெட் வாங்குங்கள். பை 40×35×20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிய பையை வாசலிலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே கழிவறை இல்லை, வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது. ஊன்றுகோல் முனையில் ரப்பர் இல்லாவிட்டால் விடமாட்டார்கள்.

முதலில் வாசல்களையும் மாடங்களையும் பாருங்கள். கீழே அகலம், மேலே குறுகல். சுவர்களும் உள்நோக்கிச் சாய்ந்தவை. சாந்து இல்லாமல் பொருத்திய கற்கள் நிலநடுக்கத்தில் அசைந்து மறுபடி உட்கார்ந்துகொள்ளும். பிறகு படிக்கட்டு வயல்கள். மேலே மண், அதன் கீழே மணலும் சரளையும், அடியில் உடைகல் என்று அடுக்கியதால் கனமழை உள்ளே இறங்கி வடிந்துபோகிறது. 1450-ஐ ஒட்டிக் கட்டிய ஊர் சரிவில் வழுக்காமல் இன்றும் நிற்பதற்கு முக்கியக் காரணம் இந்த வடிகால்தான். ஊற்று நீர் ஒன்றன்கீழ் ஒன்றாக 16 தொட்டிகளில் விழுந்து இறங்கும். முதல் தொட்டியிலிருந்து கடைசி வரை கண்ணால் பின்தொடர்ந்து போங்கள். கல்லின் மேல் சாயவோ ஏறவோ வேண்டாம். காவலர் விசில் ஊதினால் உடனே இறங்கிவிடுங்கள், விதி மீறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.