எலும்பைக் கரைக்கும் செல்லை அடியோடு நிறுத்திவிடலாமா?

"மாதவிடாய் நின்றபின் அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி குறைந்துவிட்டது. எலும்பைக் கரைக்கும் செல்தான் காரணமாம். அதை அடியோடு நிறுத்தினால் என்ன?" என்று பென்னாகரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

கூடாது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற அந்தச் செல், ரத்தத்தின் மோனோசைட் என்ற வெள்ளையணு வழியில் வந்த பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவாவது. எலும்பின்மேல் ஒட்டிக்கொண்டு அமிலம் சுரந்து தாதுவைக் கரைக்கும். அப்புறம் கேதெப்சின் கே என்ற நொதியால் எலும்பின் புரதமான கொலாஜனைச் சிதைக்கும். அந்தக் குழியில் ஆஸ்டியோபிளாஸ்ட்கள் புது எலும்பு கட்டும். கரைக்கச் சில வாரம் போதும், கட்டச் சில மாதம் ஆகும். அதனால் கரைப்பு கொஞ்சம் வேகமெடுத்தாலே இழப்புதான். அந்த வேகத்துக்குக் கடிவாளம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நின்றபின் அது குறைந்ததுதான் அம்மாவின் பிரச்சினை. மருந்தும் வேகத்தைத் தணிக்கத்தான். அடியோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நோயே சாட்சி: பிறவியிலேயே இச்செல்கள் சரியாக இயங்காத ஆஸ்டியோபெட்ரோசிஸ் நோயில், எலும்பு மிக அடர்த்தியாக இருந்தும் எளிதில் முறியும்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொன்றும் முக்கியம். ஃபுளூரைடு மிகுந்த போர் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவருக்கு ஸ்கேனில் அடர்த்தி கூடுதலாகத் தெரியலாம், ஆனால் எலும்பின் தரம் கெட்டிருக்கும். அம்மா இத்தனை காலம் எந்தத் தண்ணீர் குடித்தார் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குடிக்க, சமைக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போகாது.